குளிர்காலம் முழுவதும் நின்ற பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நிறுத்தியபோது ஒழுங்காக ஓடிய கார், நான்கைந்து மாதம் ஷெட்டில் நின்றபின் கிளம்ப மறுக்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சும்மா நின்ற காலத்தில் எது மாறியிருக்க முடியும்? பேட்டரியில் சார்ஜ் இறங்கும். பெட்ரோல் கெடும். வயர் முனைகள் பூத்துப்போகும். ரப்பர் காயும். இரும்பு துருப்பிடிக்கும். எலி குடியேறும். பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். இக்னிஷன் டைமிங் தானாக நகராது, வால்வு இடைவெளி மாறாது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்குரூ தானாகத் திரும்பிக்கொள்ளாது. ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்றவுடன் பலர் ஸ்குரூடிரைவரோடு நேராகப் போவது இந்த மூன்று இடங்களுக்குத்தான். திருகி முடித்தபின் வண்டியில் இரண்டு கோளாறுகள் இருக்கும். ஒன்று பழையது, மற்றது நாம் உண்டாக்கியது. ஆகவே திருகாணிகளை விட்டுவிடுங்கள். புதுப் பாகம் எதையும் இப்போதே வாங்கவும் வேண்டாம்.

சாவியைத் திருப்புவதற்கு முன்

பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சும் காகிதத் துணுக்குகளும் கிடக்கலாம். எலிக்கு மிகவும் பிடித்த வீடு அது. ஸ்பார்க் பிளக் வயர்களிலும் அருகிலுள்ள மற்ற வயர்களிலும் பல் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சைலன்சர் வாயையும் பாருங்கள். புகை வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருந்தால் நல்ல இன்ஜினும் பிடிக்காது.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்து அளவைப் பார்ப்பதோடு நிற்காமல் முகர்ந்தும் பாருங்கள். நிறுத்தியபோது இருந்ததைவிட அளவு ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால், இன்ஜினோடு பொருத்திய பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது. பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மூடியின் உட்புறம் மட்டும் லேசாக வெளுத்திருப்பது ஈரக்காற்றால் வருவது, பெரிய விஷயமில்லை. டிப் ஸ்டிக்கிலேயே அப்படித் தெரிந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது, வண்டியையே வெளியே தள்ளிவிடுவது நல்லது.

இனி கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் பகுதிக்குப் போங்கள்.

எதுவுமே இல்லை: விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை

டாஷ்போர்டே இருட்டாக இருந்தால் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டது, அல்லது அதன் டெர்மினல் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். 12-க்குக் கீழே போய்விட்டால் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் தெம்பு அதற்கு இல்லை.

காரை அணைத்துவிட்டுத்தானே போனோம், சார்ஜ் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கடிகாரம், அலாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாறு வாரத்தில் காலி. இவை எதுவும் இல்லாத மிகப் பழைய காரிலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும், ஆனால் இந்த வேகத்தில் இறங்காது.

குளிர் கடுமையாக இருந்த இடம் என்றால் சார்ஜரை மாட்டுவதற்கு முன் பேட்டரியின் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். முழுதாக இறங்கிய பேட்டரியில் அது ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். பக்கம் புடைத்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ உள்ளே பனிக்கட்டி இருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ சார்ஜும் ஏற்றக் கூடாது, ஜம்பர் கேபிளும் மாட்டக் கூடாது, வெடிக்கலாம். புடைத்ததை மாற்றத்தான் வேண்டும்.

நல்ல நிலையில் இருந்தால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு நான்கு, நான்கரை ஆம்பியர் போதும், ஓர் இரவு முழுவதும். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும். அது சார்ஜ் ஏறியதுபோல் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்தவுடன் சரிந்து விழும். எனவே செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பாருங்கள். மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ளலாம்.

ஜம்பர் கேபிள் மாட்டுவதானால் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை உங்கள் காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசித் தொடர்பில் தீப்பொறி பறக்கும். பேட்டரி விடும் ஹைட்ரஜனுக்கு அருகில் அது கூடாது. மிகப் பழைய கார்களில் சிலவற்றில் பாசிட்டிவே எர்த்தாக இருக்கும், சிலவற்றில் பேட்டரியே 6 வோல்ட்டாக இருக்கும். எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது, எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் கேபிளைத் தொடாதீர்கள்.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஒரே ஒரு "டக்" அல்லது படபடவென்று கிளிக்

படபடவென்று தொடர்ந்து கிளிக் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். ரிலே இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. முந்தைய பகுதிக்குப் போங்கள்.

ஒரே ஒரு கனத்த "டக்" என்றால் கதை வேறு. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, பிறகு ஏன் என்று குழம்பிப் புது செல்ஃப் மோட்டார் வாங்குகிறவர்கள் உண்டு. அதற்கு முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரியும் கிளாம்ப்பின் உட்புறம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அந்த மெல்லிய படலத்தின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான் என்று வையுங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அதனால் அரை வோல்ட் குறையும், கண்ணுக்கே தெரியாது. 120 ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்கு அந்தப் படலமே 12 வோல்ட்டையும் விழுங்கிவிடும். விளக்கு எரிவதை வைத்து பேட்டரித் தொடர்பு சரி என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் முனை முதலில், மாட்டும்போது எர்த் முனை கடைசியில்.

பேட்டரி முனையோடு வேலை முடிவதில்லை. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் திரும்பி வர, பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அழுக்கும் ஆயிலும் படிந்து கண்ணில் படாத இடத்தில் கிடப்பதால் யாரும் அதை நினைப்பதில்லை. அது இற்றுப்போயிருந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் வேறு வழி தேடும். அகப்படும் வழி பெரும்பாலும் சோக் கேபிள் அல்லது ஆக்சிலரேட்டர் கேபிள். செல்ஃப் அடித்துவிட்டு சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ புகைந்தாலோ வேறு சோதனையே தேவையில்லை. சந்தேகம் இருந்தால் பேட்டரியின் எர்த் முனையிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு ஒரு ஜம்பர் கேபிளை நேராக மாட்டி மறுபடி முயலுங்கள். சுழன்றால் பட்டையை மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் "டக்" மட்டும்தான் என்றால் செல்ஃப் மோட்டாரின் உடலை மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கலாம். உள்ளே ஒட்டிக்கொண்ட கார்பன் பிரஷ் விடுபடும். அதுவும் இல்லையென்றால் இன்ஜினே இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அடுத்த பகுதி.

விளக்கு எரிந்து, "டக்" கூட இல்லாமல் அமைதியாக இருந்தால் சாவி சுவிட்ச், செல்ஃப் ரிலே, அதற்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் லீவரை ஒருமுறை முன்பின் ஆட்டி நியூட்ரலில் வைத்து முயலுங்கள்.

இன்ஜின் சுழலவே இல்லை: கையாலும் திரும்பவில்லை

பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். பிளக் ஓட்டைகளிலிருந்து தண்ணீரோ பெட்ரோலோ பீய்ச்சினால் சிலிண்டருக்குள் திரவம் நின்று பிஸ்டனைத் தடுத்திருக்கிறது. பிளக்கோடு வலுக்கட்டாயமாகச் சுற்றியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

எதுவும் வரவில்லை, திரும்பவும் இல்லை என்றால் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு ஓட்டையிலும் துரு இளக்கும் ஆயிலைக் கொஞ்சம் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். ஸ்பேனரை ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே. அசையவில்லையா, மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். இதில் அவசரப்படுகிறவர் ரிங்கை உடைப்பார். செல்ஃப் மோட்டாரையோ, கயிறு கட்டி இழுப்பதையோ இங்கே நினைத்தே பார்க்கக் கூடாது. ஒரே குளிர்காலத்தில் இப்படி ஆவது அரிது. பல ஆண்டு நின்ற வண்டியில்தான் இதை எதிர்பார்க்க வேண்டும்.

நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை

நின்ற வண்டியில் அதிகம் நேரத்தைத் தின்பது இதுதான். தின்னக் காரணம், பெட்ரோலா கரண்டா என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே சமயத்தில் நோண்டுவது. முதலில் பிரியுங்கள். பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். அதற்கு மேல் போனால் மோட்டார் சூடேறும், ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகையாகிவிட்டது.

பிளக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்புரேட்டர் வண்டியில் ஃபுளோட் சேம்பரில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் சிறு கிண்ணம்) இருந்த பெட்ரோல் சில வாரங்களிலேயே ஆவியாகியிருக்கும். இன்ஜினால் இயங்கும் பம்ப் அதை மறுபடி நிரப்ப நெடுநேரம் சுழல வேண்டும், அதற்குள் பேட்டரி இறங்கிவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சேம்பரின் காற்றுத் துளை வழியாகச் சிறிய சிரிஞ்சால் பெட்ரோல் நிரப்புவது எளிது. பிறகு இன்ஜினை நிறுத்திய நிலையிலேயே கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் லீவரை முழுக்க இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். சேம்பரில் பெட்ரோல் இருந்தும் பீய்ச்சவில்லை என்றால் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் காய்ந்துவிட்டது, அல்லது துளையில் பிசின் அடைத்திருக்கிறது. அப்போதே காற்றைக் குறைக்கும் சோக் தகட்டையும் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சோக்கை இழுத்தால் தகடு முழுவதும் மூட வேண்டும், பாதியில் நின்றால் கேபிளோ அச்சோ இறுகியிருக்கிறது. ஒருவர் கார்புரேட்டருக்குள் குனிந்திருக்க மற்றவர் செல்ஃப் அடிப்பது ஆபத்து. தீ பின்னடித்து முகத்தில் வரும். ஏர் ஃபில்டரை மாட்டிய பிறகே செல்ஃப்.

சேம்பரில் ஊற்றிய பெட்ரோல் தீரும்வரை ஓடி நின்றால் பம்ப் அனுப்பவில்லை. பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய காரில் சாவியை ஆன் நிலையில் வைத்ததும் டாங்க் பக்கமிருந்து சுமார் இரண்டு வினாடி ரீங்காரம் கேட்கும், பல கார்களில். அமைதியாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் டாங்க்கின் அடியில் கையால் தட்டினால் சில சமயம் உயிர் வரும். வந்தாலும் அந்தப் பம்ப்பை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள்.

பெட்ரோலின் தரம் தனிக் கதை. குளிர்ந்த இன்ஜினில் எளிதில் தீப்பிடிப்பது பெட்ரோலின் இலேசான பகுதி. ஆவியாகி முதலில் போவதும் அதுதான். மீதமிருப்பது வார்னிஷ் போல நாறும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும், இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் டாங்க்கையே காலி செய்ய வேண்டும். அடுக்கு இல்லை, வாசனை மட்டும் சுமார் என்றால் டாங்க்கை நிரம்பப் புதுப் பெட்ரோல் ஊற்றினாலே பெரும்பாலும் தேறிவிடும்.

இனி, பிளக் நனைந்திருக்கிறது. பிளக்கை வயரோடு மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் படும்படி வைத்து, பெட்ரோல் ஈரம் எதுவும் அருகில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு செல்ஃப் அடியுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். நீலப் பொறி சடசடவென்று வந்தால் கரண்ட் சரி. அப்படியானால் பெட்ரோல் மிகையாகியிருக்கிறது: பிளக்குகளைத் துடைத்து மாட்டி, சோக்கைத் திறந்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, விட்டுவிட்டு மிதிக்காமல், செல்ஃப் அடியுங்கள். திரும்பத் திரும்ப இதே நிலை என்றால் சேம்பருக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் ஃபுளோட் ஊசி பிசினில் ஒட்டித் திறந்தே நிற்கிறது.

பொறி மங்கலாக மஞ்சளடித்தாலோ வராமலே போனாலோ, பாயின்ட் உள்ள வண்டியில் முதல் சந்தேகம் சி.பி. பாயின்ட், அதாவது காயிலின் மின்சாரத்தைத் தொட்டும் விட்டும் துண்டிக்கும் சிறு சுவிட்ச். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயின்ட்டை விரலால் விரித்துப் பார்த்தால், தொட்டுக்கொள்ளும் இரண்டு முகங்களும் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். கண்ணுக்கு அது பழுதாகவே தோன்றாது, ஆனால் 12 வோல்ட்டால் அதைக் கடக்க முடியாது. டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகும் டெர்மினலிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். மின்னி மின்னி எரிந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் தொடவில்லை, அல்லது பூத்துப்போயிருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் ஓரிரு முறை உரசி, பிறகு சுத்தமான அட்டைத் துண்டை இடையில் இழுத்துத் தூசியை எடுங்கள். இடைவெளி பல கார்களில் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே சரியான அளவு. மூடியின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். அதில் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும்.

வழக்கத்தைவிட வேகமாக, எடையே இல்லாமல் சுழல்கிறது

சிலிண்டரில் அழுத்தம் இல்லை. வெகுநேரம் பெட்ரோலில் நனைந்து சிலிண்டர் சுவரின் ஆயில் கழுவிப்போயிருந்தால் இப்படி ஆகும். பிளக் ஓட்டைகளில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டுச் சுழற்றினால் அழுத்தம் திரும்பும். அப்படியும் வராவிட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஒரு சுற்றில் மட்டும் தாளம் தப்பிச் சுழன்றால் ஏதோ ஒரு வால்வு ஒட்டித் திறந்தே நிற்கிறது.

பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

இது மிகத் தெளிவான அறிகுறி, ஆனால் தெரியாதவர்களை நாள்கணக்கில் அலைக்கழிக்கும். பல பழைய கார்களில் காயிலுக்கு முன்னால், அதற்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் அதைத் தவிர்த்து நேராகக் காயிலுக்குப் போகும். சாவியை விட்டவுடன் அதன் வழியாகப் போகும். அது அறுந்திருந்தால் செல்ஃப் அடிக்கும்வரைதான் பொறி. சாவி ஆன் நிலையில் ரெசிஸ்டரின் இரு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் முடிவு கையில்.

சாவியை விட்ட பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓடி, அதன் பிறகு நின்றால் பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். டாங்க்கின் அடியில் இருந்த துருவும் கசடும் ஃபில்டரை அடைத்திருக்கும். டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான். மூடியைத் தளர்த்தியதும் ஓடத் தொடங்கினால் அதுவே காரணம்.

டீசல் வண்டி என்றால்

ஸ்பார்க் பிளக்கும் காயிலும் இல்லாததால் பட்டியல் சுருங்குகிறது. சிலிண்டருக்குள் வெப்பம் தரும் குளோ பிளக் சூடேறுகிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, குளிரில் டீசல் மெழுகாகத் திரண்டிருக்கிறதா. கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள், சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடிக்கும்.

ஓடுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை

ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும், இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தபின் கிளட்சை மிதித்தும் கியர் கரகரவென்று மறுத்தால், கிளட்ச் தட்டு ஃபிளைவீலில் துருவால் ஒட்டியிருக்கிறது. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கிளட்ச் பெடலை ஒரு கட்டையால் அழுத்தி இரவு முழுவதும் வைத்தால் சில வண்டிகளில் தானாக விடுபடும். கியர் விழுந்தும் பின்சக்கரம் உருளாமல் வண்டி பின்புறம் தாழ்ந்து முனகினால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து இழுத்தால் ஷூவின் உறை பிய்ந்து வரும். முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள், விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டுங்கள். அடுத்த குளிருக்கு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக் கியரில் விடுங்கள்.